பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரைச்சல்

முதல் முறை இந்த ஆல்பத்தைக் கேட்டபோது ஹெட்ஃபோன் ஒயர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ராத்திரி பதினொன்றரை இருக்கும். அலுவலகத்தில் ஒரு ரிலீஸ். பில்டு முடிய இன்னும் நாற்பது நிமிடம். கல்லூரி நண்பன் ஒருவன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த ஃபோல்டரைத் திறந்தேன். ஆல்பத்தின் பெயரோ வாசித்தவர்களின் பெயரோ இல்லை. 01, 02, 03 என்று மூன்று கோப்புகள், அவ்வளவுதான். முதல் கோப்பு எழுபது நிமிடத்துக்கு மேல். பிளே பட்டனை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. வால்யூமை ஏற்றினேன். எங்கோ லேசாக ஒரு ரீங்காரம். எர்த் சரியாகக் கொடுக்காத ஆம்ப்ளிஃபையரில் வருமே, அந்த மாதிரி. ஜாக்கைக் கழற்றி மறுபடி மாட்டினேன். ஒயரை முறுக்கிப் பார்த்தேன். அப்போது தூரத்தில் ஒரு பியானோ ஸ்வரம் விழுந்தது. ஒன்றே ஒன்று. அது முழுசாக அடங்கும்வரை காத்திருந்தேன். அடுத்தது வருகிற வழியாக இல்லை.

பன்னிரண்டாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். "டேய், ஃபைல் கரப்ட் ஆயிருக்குடா."

அவன் பதில்: "இல்லடா. அதான் மியூசிக்."

நான் சிரித்துவிட்டு இளையராஜாவுக்குப் போய்விட்டேன். அந்த ஃபோல்டரை அழிக்கவில்லை என்பது மட்டும்தான் என் தரப்பில் இருந்த ஒரே ரசனை.

*

அந்த மூன்று கோப்புகள் 'டூயோஸ் ஃபார் டோரிஸ்' என்கிற ஆல்பம். 2003ல் அமெரிக்காவின் எர்ஸ்ட்வைல் ரெக்கார்ட்ஸ் இரண்டு சிடிகளாக வெளியிட்டது. ஜான் அபி என்பவர் 1999ல் தொடங்கி, ஏறக்குறைய ஒற்றை ஆளாக நடத்திவரும் சின்ன நிறுவனம் அது. முக்கியமாக இம்ப்ரொவைசேஷன் ஆல்பங்களால் பெயர் வாங்கியது. ஒலிப்பதிவு நடந்தது பிரான்சின் வடகிழக்கில், நான்சி நகரத்தை ஒட்டிய வான்தூவ்ர் என்ற ஊரில், 2003 ஜனவரியில். வாசித்தவர்கள் இரண்டு ஆங்கிலேயர்கள். ஜான் டில்பரி, பியானோ. கீத் ரோ, கிட்டாரும் மின்கருவிகளும். டில்பரி 1936ல் பிறந்தவர், ரோ 1940ல். அதாவது அந்த அறைக்குள் நுழைந்தபோது இருவருமே அறுபதைத் தாண்டியிருந்தார்கள்.

டோரிஸ் என்பது டில்பரியின் அம்மா. ஒலிப்பதிவுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவர் இறந்திருந்தார். டில்பரி பிரான்சுக்கு வந்து வாசித்தார். ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர் வைக்கப்பட்டது.

இந்தத் தகவல் தெரிந்த பிறகு ஆல்பத்தைச் சாதாரணமாகக் கேட்க முடியாது. ஒவ்வொரு மௌனத்திலும் ஒரு பிணம் தெரிய ஆரம்பித்துவிடும். அது இசையில் இருக்கிறதா, அட்டையில் இருக்கிற பெயர் செய்கிற வேலையா? சில வருடங்களாக எனக்குள் ஓடுகிற கேள்வி இதுதான். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

*

முதலில், இவர்கள் யார்? 1965ல் லண்டனில் ஏஎம்எம் என்று ஒரு குழு உருவானது. கீத் ரோ, தாள வாத்தியக்காரர் எடி ப்ரெவோ, சாக்ஸஃபோன்காரர் லூ கேர் மூவரும் ஆரம்பித்தது. ஜாஸிலிருந்து வந்தவர்கள், ஆனால் ஜாஸின் எல்லா வசதிகளையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டவர்கள். மெட்டு கிடையாது, தாளம் கிடையாது, ஒருவர் தனியாக வாசித்துக் கைதட்டல் வாங்குகிற 'சோலோ'வும் கிடையாது. நம் கச்சேரியில் மனோதர்மம் என்றால் ராகம், தாளம் என்கிற வேலிக்குள் கிடைக்கிற சுதந்திரம். இவர்கள் வேலியையும் எடுத்துவிட்டார்கள். என்ன வாசிக்கப்போகிறோம் என்று பேசிவைத்துக்கொள்வதில்லை. வாசித்து முடித்த பிறகு அதை எழுதிவைப்பதுமில்லை.

ரோ ஓவியம் படித்தவர். ஜாக்சன் பொல்லாக் கேன்வாஸைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தரையில் கிடத்தி வரைந்ததைப் பார்த்து, கிட்டாரை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் கிடத்தினார். கிடத்திய மறுநிமிடமே கிட்டார் வாசிப்பு பற்றி அவர் விரல்கள் கற்றுவைத்திருந்த அத்தனையும் செல்லாக்காசாகிவிட்டது. அதற்காகத்தான் கிடத்தியதே. அதன்பிறகு கத்தி, அரம், ஸ்பிரிங், கையடக்க மின்விசிறி, ரேடியோ என்று மேஜையில் இருந்த எதுவும் அவருக்கு வாத்தியம்தான். அறுபதுகளில் லண்டனில் அவரைப் பார்த்துக் கற்றவர்களில் பிங்க் ஃப்ளாய்டின் சிட் பேரட்டும் ஒருவர்.

டில்பரி வேறு மாதிரி. முறையாகப் பயின்ற பியானோ கலைஞர். மார்ட்டன் ஃபெல்ட்மன், ஜான் கேஜ், கார்னீலியஸ் கார்டியூ ஆகியோரின் படைப்புகளை வாசிப்பதில் பெயர் பெற்றவர். 1980 வாக்கில் ஏஎம்எம்மில் சேர்ந்தார். அதிலிருந்து இருபது வருடத்துக்கும் மேலாக ரோ, ப்ரெவோ, டில்பரி என்ற மூவர்தான் ஏஎம்எம்மின் மையம். 'டூயோஸ்' அந்த மூவரில் இருவர் மட்டும் சந்தித்தது. அடுத்த ஆண்டே, 2004ல், ரோ குழுவைவிட்டு விலகிவிட்டார். ஆக இந்த ஆல்பம் ஒரு இழப்புக்கு அடுத்த நாட்களிலும் ஒரு பிரிவுக்கு முந்தைய மாதங்களிலும் சிக்கியிருக்கிறது. ஆனால் பின்னால் வரப்போகும் பிரிவு அன்று வாசித்தவர்களுக்குத் தெரியாது. அதை இசையில் தேடுவது ஜோசியம். விட்டுவிடலாம்.

*

நான் இன்ஜினியரிங் படித்தவன். இசை இலக்கணம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த இரண்டு வாத்தியங்களும் எப்படி வேலை செய்கின்றன என்பது கொஞ்சம் தெரியும். இந்த ஆல்பத்துக்கான சாவி அங்கேதான் கிடைத்தது.

பியானோ கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிக்கொள்ளும். அந்தக் கணத்தோடு வாசிப்பவரின் அதிகாரம் முடிந்தது. வயலினிலோ நாதஸ்வரத்திலோ பிடித்த ஸ்வரத்தை வளர்க்கலாம், அசைக்கலாம், பெரிதாக்கலாம். பியானோவில் முடியாது. தட்டிய பிறகு கையில் இருப்பது இரண்டே வழிதான்: கட்டையையோ பெடலையோ பிடித்துக்கொண்டு, ஸ்வரம் தானாக அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம், அல்லது விட்டுவிட்டு உடனே அணைத்துவிடலாம். எப்படியும் அது அணையத்தான் போகிறது. பிறந்த நொடியிலேயே சாக ஆரம்பிக்கிற ஒலி. வேகமாக வாசிக்கும்போது இது நமக்குத் தெரிவதில்லை. ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்து மூடிவிடும். டில்பரி மூடுவதில்லை. ஒரு கூட்டு ஸ்வரத்தைப் போட்டுவிட்டு, அதன் முழு ஆயுளையும் கேட்க வைக்கிறார். ஃபெல்ட்மனிடம் கற்ற பழக்கம் இது.

ரோவின் கிட்டார் இதற்கு நேர் எதிர். எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் மின்சாரம் உண்டாகும், ஸ்பீக்கரில் ஒலியாகும். பிரச்சினை என்னவென்றால், அந்தச் சுருளுக்குத் தந்தி எது, அறையில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் எது என்று தெரியாது. மாறுகிற காந்தப்புலம் எங்கிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளும். சுவரில் ஓடுகிற ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரம், மின்விசிறியின் மோட்டார், எல்லாமே உள்ளே வரும். இதை ஒழிப்பதற்காகவே 1950களில் இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து 'ஹம்பக்கர்' என்று ஒரு பிக்கப்பைக் கண்டுபிடித்தார்கள். கிட்டார் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் ஒரு பெரிய பகுதி இந்த ரீங்காரத்தைக் கொல்லும் வரலாறு. ரோ அதைக் கொல்லாமல் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுகிறார். அவர் தந்தியைத் தொடாதபோதும் கிட்டார் ஒலித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறப்பும் இல்லை, சாவும் இல்லை. பிளக்கைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

இப்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். டில்பரி ஒரு ஸ்வரம் போடுகிறார். அது அடங்க ஆரம்பிக்கிறது. கீழே ரோவின் ரீங்காரம் மெலிதாக, ஒரே மட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்வரம் இறங்கி இறங்கி அந்த மட்டத்துக்கு வருகிறது. எந்தக் கணத்தில் அது ரீங்காரத்துக்குள் மூழ்கியது? சொல்ல முடியாது. நான் முப்பது முறையாவது முயன்றிருக்கிறேன். இன்னும் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது போய் ரொம்ப நேரம் ஆகியிருக்கும். காது பழைய ஸ்வரத்தின் நினைவைப் பிடித்து ரீங்காரத்தின்மேல் வரைந்துகொண்டிருக்கும்.

எங்கள் தொழிலில் சிக்னல் வேண்டியது, நாய்ஸ் வேண்டாதது. சிக்னல் நாய்ஸைவிடக் கீழே போனால் தகவல் தொலைந்தது என்று அர்த்தம். இந்த ஆல்பம் முழுக்க அந்தத் தொலையும் புள்ளியில்தான் நடக்கிறது. தனியாக வாசித்திருந்தால் டில்பரியின் ஸ்வரம் வெறும் மௌனத்தில் முடிந்திருக்கும். மௌனத்தில் முடிவது தெளிவான முடிவு, கதவு சாத்தியது மாதிரி. ரோ இருப்பதால் அந்தக் கதவு சாத்தப்படுவதில்லை. ஸ்வரம் எங்கோ போய்ச் சேர்கிறது.

*

முதல் சிடி முழுக்க ஒரே ஒரு வாசிப்பு: 'கேத்னர்'. எழுபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டாவது சிடியில் 'ஓலஃப்', 'ஆக்ஸ்லே' என்று இரண்டு, ஒவ்வொன்றும் அரைமணி நேரத்தை ஒட்டி.

'கேத்னர்' ஆரம்பிப்பதே தெரியாது. அறை முதலில் வருகிறது. பிறகுதான் அதற்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. மரம் முனகுகிற மாதிரி ஏதோ. உலோகத்தின்மேல் உலோகம் மெதுவாக இழுபடுவது. பியானோவின் மேல் ஸ்தாயியில் இரண்டு ஸ்வரங்கள், தூக்கத்தில் யாரோ சொன்ன மாதிரி. நான் முதல் நாள் நிறுத்திய பன்னிரண்டு நிமிடம் என்பது, உண்மையில், இரண்டு பேரும் உட்கார்ந்து பழகுகிற நேரம். அதைப் பொறுத்துக்கொண்டால் உங்கள் காதின் அளவுகோலே மாறிவிடும். அதற்குப் பிறகு ஒரு சின்ன உரசல்கூடச் சம்பவமாகிவிடும்.

எல்லாமே மெலிதாகப் போகிறது என்று நினைத்துவிட வேண்டாம். ரோவின் மின்சாரம் சில இடங்களில் தடித்து, பல் கூசுகிற மாதிரி முன்னால் வரும். டில்பரி பியானோவின் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்றை உருட்டுவார். ஒரு கணம் அழுகை வெடித்துவிடும்போலத் தோன்றும். வெடிக்காது. வழக்கமான இசையில் ஒரு உச்சம் கிடைத்தால் கலைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். இங்கே உச்சம் வந்தால் இருவரும் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இறங்கி வருகிறார்கள்.

இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும் இசையில் நாம் எதிர்பார்ப்பது கேள்வி-பதில். ஒருவர் ஒன்று சொல்ல மற்றவர் அதை வாங்கித் திருப்பிச் சொல்வார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் செய்வது போல. இங்கே அது கிட்டத்தட்ட இல்லை. டில்பரி மனதைப் பிசைகிற ஒரு ஸ்வரக் கூட்டைப் போடுவார். ரோ பதில் சொல்லமாட்டார். தன் மேஜையில் அரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அல்லது எதையோ அணைப்பார். முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. என்ன மனுஷன் இவர், பக்கத்தில் ஒருத்தர் இப்படி வாசிக்கிறாரே, கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?

அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார் என்பது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

*

அப்பா இறந்தது ஒரு புதன்கிழமை மாலை. தங்கை வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்ததால் வியாழன் முழுக்க உடலை வீட்டில் வைத்திருந்தோம். ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் பெட்டியின் கம்ப்ரஸர் ராத்திரி முழுக்க ஓடும். கொஞ்ச நேரம் ஓடி, ஒரு உதறு உதறி நிற்கும். பிறகு மறுபடி ஆரம்பிக்கும். அத்தைகளின் ஒப்பாரி, ஐயர் கேட்ட சாமான் லிஸ்ட், போனில் வழி கேட்டவர்கள், எல்லாம் மங்கிவிட்டன. அந்த ரீங்காரம் மட்டும் இருக்கிறது.

அந்த ராத்திரி என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு வேலை பார்த்தவர். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பத்து மணி வாக்கில் உட்கார்ந்தவர் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. "மனச தளரவிடாதப்பா" என்று சொல்லவில்லை. அப்பாவைப் பற்றி ஒரு கதையும் சொல்லவில்லை. ஒரு தடவை எழுந்து, பெட்டிக்குப் போன ஒயர் கால் தடுக்குகிற இடத்தில் கிடந்ததைப் பார்த்து, சுவரோரமாக ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று வந்த அத்தனை பேரிலும் எனக்கு உண்மையாகத் துணையிருந்தவர் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ராத்திரி, பழைய ஃபோல்டரில் அந்த மூன்று கோப்புகள் கண்ணில் பட்டன. நண்பனிடம் பெயர் கேட்டு, தேடிப் படித்து, டோரிஸ் யார் என்று தெரிந்துகொண்டு கேட்க உட்கார்ந்தேன். ரோவின் ரீங்காரம் வந்தது. எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. இந்த முறை எழுபது நிமிடமும் கேட்டேன்.

இங்கேதான் எனக்கு என்மீதே சந்தேகம். நான் கேட்டது டில்பரியும் ரோவும் வாசித்ததையா, என் வீட்டு ஹாலையா?

*

இந்த வகை இசையைச் சுற்றி ஒரு பக்திக் கூட்டம் உண்டு. அவர்களிடம் கேட்டால் ஒவ்வொரு உரசலிலும் டில்பரியின் துயரம் கேட்கிறது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டில்பரி அம்மா உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் வாசித்தார். ஏஎம்எம்மின் முந்தைய ஆல்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அதே தனித்த ஸ்வரங்கள், அதே காத்திருப்பு. ரோவும் அப்படியே. துக்கத்துக்கென்று அவர்கள் தனியாக ஒரு பாணியைக் கண்டுபிடிக்கவில்லை. ஒலி அலையில் எங்கும் 'அம்மா' என்று எழுதியிருக்கவில்லை.

ஒரு சோதனை செய்தேன். கூட வேலை செய்கிற ஒருவருக்கு, பெயர், கதை எதுவும் சொல்லாமல் 'கேத்னரி'ன் நடுவிலிருந்து இருபது நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். அவருக்குப் பிடித்தது கானாவும் யுவனும். முழுசாகக் கேட்டார், பாவம். என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். சோகம், மரணம், தனிமை, இதில் ஏதாவது ஒன்றைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் டிஸ்டர்ப் பண்ணிடக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வாசிக்கிற மாதிரி இருக்கு."

எனக்கு இதைவிட நல்ல விமர்சனம் கிடைக்கவில்லை. அவர் துக்கத்தைக் கேட்கவில்லை. பரிவைக் கேட்டிருக்கிறார். துக்கம் என்பது அட்டையில் இருந்து நமக்கு வருகிற தகவல். அதை இசைமேல் ஏற்றுவது நாம். ஆனால் பரிவு இசைக்குள்ளேயே இருக்கிறது. டில்பரியின் ஸ்வரம் அடங்குகிற நேரத்தில் ரோ புதிதாக எதையும் தொடங்காமல் இருப்பது அது. டில்பரி ரொம்ப நேரம் சும்மா இருந்தால் ரோ அந்த இடத்தைத் தான் நிரப்பிவிடாமல், ஆனால் விட்டுவிட்டும் போகாமல், மெலிதான ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அது. இதையெல்லாம் கதை தெரியாத ஆளும் கேட்க முடியும்.

இதை ஒருவர் மற்றவருக்குச் செய்கிற உதவியாக மட்டும் சுருக்கிவிடவும் முடியாது. டில்பரியும் ரோவுக்கு இடம் விடுகிறார். தன் துயரத்தின் பெயரால் அறையை எடுத்துக்கொள்ளும் உரிமை அன்று அவருக்கு இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை. ரோ மேஜையில் ஏதோ ஒரு ஒலியைத் தேடிக்கொண்டிருக்கும்போது டில்பரி கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைக் கேட்க முடிகிறது.

*

ஏஎம்எம்மில் டில்பரிக்கு முன்பு இருந்தவர் கார்னீலியஸ் கார்டியூ. டில்பரியின் நெருங்கிய நண்பர். 1981 டிசம்பரில் லண்டனில் ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போனதில் இறந்தார். டில்பரி பல வருடங்கள் உழைத்து அவருடைய பெரிய வாழ்க்கை வரலாற்றை எழுதி 2008ல் வெளியிட்டார். அந்தக் கார்டியூ, இம்ப்ரொவைசேஷனின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். இம்ப்ரொவைஸ் செய்கிறவருக்கு என்ன திறமைகள் வேண்டும் என்று கேட்டுவிட்டு, திறமைகளுக்குப் பதிலாக ஏழு நற்குணங்களைப் பட்டியலிடுகிறார். எளிமையில் ஆரம்பிக்கிற அந்தப் பட்டியலின் கடைசியில் இருப்பது மரணத்தை ஏற்றுக்கொள்ளல். வாசித்த ஒலி வாசித்த கணத்திலேயே போய்விடும், அதைப் பிடித்துவைக்க ஆசைப்படாதே என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

அதே கட்டுரையில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: இம்ப்ரொவைசேஷனை ஒலிப்பதிவு செய்வதில் பெரிய அர்த்தமில்லை. நாடாவில் ஒலி மிஞ்சும். அந்த நேரமும் அந்த இடமும் மிஞ்சாது. அவர் சொன்னது சரியென்றால் நான் முப்பது முறை கேட்ட இந்த ஆல்பமே ஒரு மாதிரி ஏமாற்று. போக வேண்டியதைப் போகவிடாமல் ஃப்ரீசர் பாக்ஸில் வைத்த மாதிரி.

பாதி சரிதான். முப்பது முறை கேட்டால் அது இம்ப்ரொவைசேஷனாகவே இருப்பதில்லை. அடுத்து எங்கே என்ன வரும் என்று மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் ஒரு விஷயத்தைக் கார்டியூ கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு ஸ்வரங்கள்தான் மனப்பாடம். அவை அணைகிற இடம் இன்னும் இல்லை. ஒவ்வொரு முறையும் காது வேறொரு புள்ளியில்தான் அதைத் தொலைக்கிறது. ஹெட்ஃபோன், அறை, வெளியே ஓடுகிற வண்டி, அன்றைய மனநிலை, எல்லாம் சேர்ந்து அந்தப் புள்ளியை நகர்த்திவிடுகின்றன. இருபது வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சு அறையின் மின்சாரம் என் அறையின் மின்சாரத்தோடு கலந்துவிடுகிறது. ஒலிப்பதிவு அந்த நேரத்தை மீட்டுத் தரவில்லை என்பது உண்மை. என் நேரத்தை உள்ளே விடுகிற அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது.

*

குறைகள் இல்லாமல் இல்லை. டில்பரியின் கை சில நேரம் அழகில் வழுக்கிவிடும். ஃபெல்ட்மன் பாணிக் கூட்டு ஸ்வரங்கள் காதுக்கு அவ்வளவு இனிமை. தொடர்ந்து நாலைந்து வந்துவிட்டால், மழை நாள் கண்ணாடி ஜன்னல் வால்பேப்பர் மாதிரி ஒரு 'மூட்' உருவாகிவிடும். அந்த ஆபத்திலிருந்து ஒவ்வொரு முறையும் காப்பாற்றுவது ரோவின் அரம்தான். நான் இந்த ஆல்பத்தில் இரைச்சலுக்கு நன்றி சொல்கிற இடங்கள் அவை. இரண்டாவது சிடி முதலாவதின் அளவுக்கு இறுக்கமாக இல்லை. 'ஓலஃபி'ல் 'கேத்னர்' ஏற்கெனவே கண்டுபிடித்த இடங்களில் திரும்பவும் நின்று பார்க்கிற உணர்வு எனக்கு உண்டு. 'ஆக்ஸ்லே' அதைவிட நன்றாகத் திறந்துகொள்கிறது. இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓடுகிற இதை ஒரே மூச்சில் கேட்டாக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இசை ரசனை இல்லை, விரதம்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். ஸ்பீக்கரில் கேட்பதே நல்லது. ஜன்னல் திறந்திருந்தாலும் பரவாயில்லை. 'கேத்னரை' மட்டும் போடுங்கள். முதல் பதினைந்து நிமிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். உட்கார்ந்து கவனித்தே தீரவேண்டும் என்றும் இல்லை. துணி மடிக்கலாம், பூண்டு உரிக்கலாம்.

என்னிடம் இப்போது இருப்பது நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன். வெளியே வருகிற சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு எதிர் அலையை உண்டாக்கி அணைத்துவிடும். ஃபேன், ஏசி, விமானம் என்று ஒரே மட்டத்தில் ஓடுகிற ரீங்காரங்களை அணைப்பதில்தான் அது கில்லாடி. போன வாரம் அதை மாட்டிக்கொண்டு 'கேத்னரை'ப் போட்டேன். அறை செத்துவிட்டது. பியானோ பளிங்கு மாதிரி வந்தது. ரோவின் ரீங்காரம் அதன் சரியான இடத்தில், தனியாக, சுத்தமாக இருந்தது. ஏதோ சரியில்லை. கேன்சலிங்கை ஆஃப் செய்தேன். ஃபேன் உள்ளே வந்தது. பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜ் ஒரு உதறு உதறி ஓட ஆரம்பித்தது. அதில் எது ரோ, எது ஃப்ரிட்ஜ் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. மேலே டில்பரியின் ஒரு ஸ்வரம் இறங்கிக்கொண்டிருந்தது.